கடைசி நினைவூட்டல்

மலைமேல் இருந்த துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பிலோமினா தனியாகத்தான் தங்கியிருந்தாள். செவிலியர்களின் பணிச்சுமை பற்றிய ஆய்வுப் படிவம் தபாலில் வந்த அன்றே அதை ஏறக்குறைய நிரப்பிவிட்டாள். அனுப்பத்தான் மறந்துபோயிற்று. மூன்றாவது வாரம் நினைவூட்டல் கடிதம் வந்தது. உறைமேல் அவள் பெயரை யாரோ நிறுத்தி நிதானமாகப் பேனாவால் எழுதியிருந்தார்கள். 'அன்புள்ள பிலோமினா, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்' என்று தொடங்கிய கடிதத்தின் அடியில் சுகந்தி என்று கையெழுத்து இருந்தது. அவளுக்காகக் காத்திருப்பதாக யாரும் எழுதிப் பல வருடங்களாகியிருந்தன. அதன்பிறகு அவள் வேண்டுமென்றே அனுப்பாமல் இருந்தாள். அடுத்த கடிதத்தின் ஓரத்தில், 'உங்கள் ஊரில் இப்போது மழையா?' என்று ஒரு வரி கூடியிருந்தது.

"இத்தன தடவ கேக்குறாங்களே, பதில் போட்டாத்தான் என்ன சிஸ்டர்?" என்றார் தபால்காரர் துரைக்கண்ணு, நான்காவது கடிதத்தை நீட்டியபடி.

"போட்டுட்டா அப்புறம் எழுத மாட்டாங்கண்ணே."

பிரித்தால், இதுவே கடைசி நினைவூட்டல் என்றிருந்தது. பிலோமினா அவரை உட்காரச் சொல்லிவிட்டு பீரோவிலிருந்து படிவத்தை எடுத்துவந்தாள். வேலை முடிந்தபின் மனம்விட்டுப் பேச உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. 'இந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் புரியவில்லை. தயவுசெய்து விளக்கி எழுதுங்கள்' என்று அதில் எழுதினாள். உறையை ஒட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"மறுபடி எப்பண்ணே மேல வருவீங்க?"