ஆயிரத்து முந்நூறு மதியங்கள்

நகரத்தில் கைபேசிச் செய்திகளையும் படங்களையும் வைத்துக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் சேமிப்பிடம் என்று அளந்து கொடுத்திருந்தார்கள். பிரிட்டோவின் வீட்டில் அது நிரம்பிவிட்டது. ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கி இடம் மீட்க, சேமிப்பிட அலுவலகத்திலிருந்து தங்கபுஷ்பம் வந்திருந்தாள்.

“உங்க வீட்டம்மா தினம் மத்தியானம் ‘சாப்டீங்களா?’ன்னு அனுப்பியிருக்காங்க. ஆயிரத்து முந்நூறு தடவை. ஒரு எழுத்துகூட மாறல. ஒண்ணை மட்டும் வச்சு, எல்லாத் தேதியையும் அதோட கட்டிவிட்டுடறேன் சார்.”

“ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொண்ணையும் அவ தனித்தனியா அனுப்பினா.”

“என் மாமியார் அனுப்பின ‘குட் மார்னிங்’ ரோஜா ஒன்பதாயிரம் சார். ஒண்ணாக்கினோம். ரோஜா வாடவா செஞ்சுது?” என்று சிரித்தவள், சுவரில் மாலையிட்ட அவன் மனைவி ஸ்டெல்லாவின் படத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

பிரிட்டோ கைபேசியைத் திறந்தான். தேதிகள் அப்படியே இருந்தன. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவன் பதில் போட்டதில்லை. வேலை மும்முரத்தில், மாலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவான். இப்போது, கல்யாணமான மறுவாரத்துக் கேள்வியின் கீழே “சாப்ட்டேன்மா” என்று எழுதினான்.

அடுத்த தேதிக்கு நகர்த்தினான். அங்கேயும் அவன் பதில் இருந்தது. எல்லாம் ஒரே கேள்வியாகிவிட்டதால், ஒன்றுக்கு எழுதியது எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பெருமழை நாளில் இருந்தது. சண்டை போட்ட நாளில் இருந்தது. நகர்த்திக்கொண்டே போனான். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அவள் கடைசியாகக் கேட்டதற்குக் கீழேயும் இருந்தது.

காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுதிய பதில் ஆயிரத்து முந்நூறு நாளிலும் பொய்யாகிவிடக் கூடாதே என்று எழுந்துபோய்த் தட்டை எடுத்துவைத்தான்.