மாறிப்போன முடிச்சு

முடிச்சு மாறியிருந்தது.

பயறு கட்டிய துணிக்குச் சின்னு எப்போதும் இரட்டை முடிச்சுதான் போடுவாள். இது ஒற்றை முடிச்சு, அதுவும் தொளதொளவென்று.

அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே அத்தனை பயறும் முளைவிட்டிருந்தது.

"என்னங்க, வீட்டுக்குள்ள யாரோ வந்திருக்காங்க!"

பஸ் டிரைவரான கணவன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். பீரோவைத் திறந்து பார்த்தான். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"திருடன் வந்து உன் பயறை முளைக்க வச்சுட்டுப் போனானாக்கும்? ஏதோ ஞாபகத்துல நீயே ஒத்தை முடிச்சுப் போட்டிருப்பே. போய் ஒரு வாய் காபி குடி."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். சின்னு வாசல் கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

இந்தக் குளிர் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை மாதம். பழைய ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே காலையில் பயறைக் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம் வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். இங்கே மூன்று நாளானாலும் ஊறினது ஊறினபடியே கிடந்து நாறியது. மூன்று தடவை கட்டி, மூன்று தடவையும் கொட்டினாள்.

பயறுதானே என்று அவளால் விட முடியவில்லை. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போயிற்று. இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். தினம் முளைப்பயறை நன்றாக வேகவைத்துச் சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொல்லி அழுதே விட்டாள். துணி மடித்துக்கொண்டே பேசியதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"பயறுகூட முளைக்காத வீட்டுல எனக்கு எப்படிக்கா தங்கும்?"

"வாயைக் கழுவு முதல்ல! ஆமா, பக்கத்துப் போர்ஷன்ல இருக்காளே உங்க வீட்டுக்காரம்மா, அவளுக்குப் பிள்ளை இல்லைன்னு சொன்னியே? அவ கண்ணுல படாம இரு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அது அவ கண்ணாலதான், சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை நான்காவது தடவையாகக் கட்டி வைத்தாள். இன்று புதன். மூன்று தடவை முளைக்காத பயறு இப்போது மட்டும் எப்படி முளைத்தது? மாற்றுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது? வீட்டுக்காரம்மாவிடம்தான்.

மறுபடி அக்காவுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுகூட வாயில வச்சிடாதேடி! எதையாவது கலந்து வச்சிருப்பா. கொட்டு!" என்றாள் அக்கா.

கொட்டினாள். புதிதாக ஊறவைத்து, வியாழன் காலையில் இரட்டை முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடியும் ஒற்றை முடிச்சு. தொட்டாள். துணி வெதுவெதுவென்று இருந்தது. உயிருள்ள எதையோ தொட்டுவிட்ட மாதிரி கையை உதறினாள்.

வெள்ளிக்கிழமை, வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு லீவு சொன்னாள். கணவன் கிளம்பியதும் கதவைச் சாவியால் பூட்டிக்கொண்டு, செருப்பை ஒளித்து வைத்து, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

பத்தரை மணிக்குச் சாவி திரும்பியது.

வீட்டுக்காரம்மாதான். கால் வைப்பதே தெரியாமல் உள்ளே வந்தாள். நேரே பயறு மூட்டைக்குப் போனாள். ஒரு கையால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, மறு கையால் சால்வைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள்.

"என்னத்தைக் கலக்குறீங்க அதுல?" துடைப்பத்தோடு பாய்ந்தாள் சின்னு.

வீட்டுக்காரம்மா போட்ட அலறலில் கையிலிருந்தது தொப்பென்று விழுந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பை.

"முட்டி வலிக்கு வச்சிருக்கிறதும்மா..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்தக் குளிர்ல பயறு தானா முளைக்காது, சூடு கொடுக்கணும். பகல்ல வந்து தண்ணி தெளிச்சு, இதோட சேர்த்துச் சுத்தி என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வச்சிருப்பேன். நீ வர்றதுக்குள்ள திருப்பி வச்சிடுவேன். கை நடுக்கம், உன்னை மாதிரி ரெட்டை முடிச்சு வரலை."

துடைப்பம் தானாகக் கீழே இறங்கியது.

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா? எதுக்கு இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு?"

"நடுச்சுவர் ரொம்ப மெல்லிசும்மா. உன் அக்கா பேசினது கேட்டுச்சு."

சின்னுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"உனக்கு முன்னாடி குடியிருந்த பொண்ணுக்கும் தங்கலை. என் கண்ணுதான்னு சொல்லிக் காலி பண்ணிட்டுப் போனாங்க. உனக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு உன்னைவிட எனக்குத்தாம்மா பயம். அந்தப் பயறாவது முளைச்சா நீ கொஞ்சம் தைரியமா இருப்பியேன்னுதான்..."

அப்போதுதான் சின்னு கவனித்தாள். வந்ததிலிருந்து அந்தம்மா சுவரைப் பார்த்தேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கம்மா."

"இப்ப வேணாம் தாயி," என்றாள் வீட்டுக்காரம்மா, சுவரிடமே. "மூணாம் மாசம் தாண்டட்டும். அப்புறம் கண்ணாரப் பார்க்கிறேன்."