ஆகாத கை

பிள்ளை பெறாத கை வளையல் போட்டால் ஆகாதாம். அந்தக் கையில் ஓடும் ரத்தம் மட்டும் ஆகுமா என்று, ரத்த வங்கிக் கட்டிலில் ரப்பர் பந்தைப் பிசைந்தபடி வசுமதி நினைத்துக்கொண்டாள். ஓர்ப்படியின் வளைகாப்பில் மாமியார் அவள் கையிலிருந்து வளையலை வாங்கி வைத்த வாரம்தான் முதன்முதலாக இங்கே வந்தாள். அதன்பின் நாலு மாதத்துக்கு ஒருமுறை வராமல் இருந்ததில்லை.

"பிரசவ வார்டுக்கும் போகுமில்ல சிஸ்டர்?" ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"அங்கதாங்க்கா அதிகம் போகுது."

இன்று நாத்தனார் சுபாவுக்கு வளைகாப்பு. முழங்கை மடிப்பில் ஒட்டிய பிளாஸ்டரோடு நேராக மணைக்கு எதிரே போய் உட்கார்ந்து, தட்டிலிருந்து கண்ணாடி வளையல்களை எடுத்தாள்.

"அத வச்சிட்டுப் பந்தியப் போய்ப் பாரும்மா," என்றார் மாமியார், சபைக்காகச் சிரித்தபடி.

"பந்தி இருக்கட்டும் அத்தை," என்று மெல்லச் சொன்னாள் வசுமதி. "நீ கையக் குடு, சுபா."