பாட்டிலுக்கு இரண்டு

எங்கே தப்பாகச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயம். நடந்தது தெரியும். ஏன் செய்தாள் என்பதும் தெரியும். வாயைத் திறந்தால்தான் முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் வந்து விழும்.

முதலாளியின் மேஜைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம், முதலாளியை ஒட்டி, கையில் ஒரு கற்றைக் காகிதத்தோடு மேனேஜர்.

"மூணு வாரமா கூல்டிரிங்ஸ் கடைக்காரங்க சண்டை போடுறாங்க சார். நாம சொன்ன தொகை ஒண்ணு, பில்லுல வர்ற தொகை வேற. யார் கை வச்சதுன்னு கம்ப்யூட்டர்ல பார்த்தேன். எல்லா ஆர்டர்லயும் அக்கா பேருதான். மத்தவங்க போட்டதைக்கூடத் திறந்து மாத்தியிருக்காங்க."

"என்னம்மா இது?" என்றார் முதலாளி. "பத்து வருஷமா இங்க ஆர்டர் எழுதுற. உன்மேல ஒரு புகார் வந்ததில்லையே."

"எட்டாங்கிளாஸோட நின்னவங்கதானே சார். நோட்டுல எழுதின வரைக்கும் ஓடிச்சு. கம்ப்யூட்டர்னா சும்மாவா?"

இந்த வேலை போனால் அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவது?

"சொல்ல வரலைங்க ஐயா. போட்டுக் காட்டட்டுமா?"

முதலாளி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

ஆர்டரில் ஒரு பெட்டி கூல்டிரிங்ஸ் என்று போட்டாள். வரி இரண்டு ரூபாய் என்று காட்டியது. அதை அழித்துவிட்டு, இருபத்துநாலு பாட்டில் என்று போட்டாள். வரி நாற்பத்தெட்டு.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பெட்டிக்குள்ள இருக்கிறதும் அதே இருபத்துநாலுதானே?"

"அதேதாங்க. இது விலைக்கு இத்தனை சதவீதம்னு போடுற வரி இல்லையே, பாட்டிலுக்கு இரண்டு. புதுக் கம்ப்யூட்டர்ல பெட்டிக்கு இரண்டுன்னு பதிஞ்சு கிடக்கு. அதான் பில் ஆகுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆர்டரையும் பாட்டில் கணக்குக்கு மாத்திட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தப்பில்லாமல் சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

முதலாளி கால்குலேட்டரைத் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். "மாத்தாம விட்டிருந்தா, மிச்ச வரிக்கு வரி ஆபீஸ்காரங்க என் கழுத்துல துண்டைப் போட்டிருப்பாங்க." மேனேஜர் பக்கம் திரும்பினார். "எட்டாங்கிளாஸ்தான்யா நம்மைக் காப்பாத்தியிருக்கு. சரி, பெட்டிக்கு இரண்டுன்னு பதிஞ்சது யாரு?"

மேனேஜர் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "நான்தான் சார்."

"இவங்க உன்கிட்ட சொல்லலையா?"

சொன்னாள். புதுக் கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே மேனேஜரிடம் சொன்னாள். "கம்ப்யூட்டருக்கே கணக்குச் சொல்லித் தர்றீங்களா அக்கா?" என்று சிரித்தார். பயந்துபோய், 'வரி பெட்டிக்கு விழுகிறது, பாட்டிலுக்கு விழ வேண்டும், நான் மாற்றிக்கொள்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். போனில் பேசிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அந்தத் தாள் இப்போதும் அவள் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. எடுத்து வைத்தால் போதும், மேனேஜர் வேலை இன்றோடு சரி. அவருக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகிறது.

"எனக்கு எங்கேங்க ஐயா விவரமாச் சொல்லத் தெரியுது?" என்றாள்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இனிமே எந்தச் சரக்குக்கு வரி பதிஞ்சாலும், அக்கா பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் ஆர்டர் போகணும். போய் இதைச் சரிபண்ணு. அக்காவைப் பக்கத்துல வச்சுக்கோ."

வெளியே வந்ததும் மேனேஜர் குரல் தாழ்ந்தது. "அக்கா, அன்னிக்கு நீட்டின தாள்... இதுக்குத்தானா? லீவு லெட்டர்னு நெனச்சுல்ல கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும் தம்பி." இதுவரை அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பையைத் திறந்து தாளை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "இனிமே படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள், செருப்பைக் கழற்றிய கையோடு பீரோவைத் திறந்தாள். அந்தத் தாளின் ஜெராக்ஸ் வாடகை ரசீதுகளுக்கு நடுவே பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பூட்டி, ஒரு தரம் இழுத்தும் பார்த்தாள்.