பாதம் வரைந்த தாள்

ஐந்து வருடமா ஆறா, எனக்கு நிச்சயமில்லை. கடல் கடந்த அநாதை இல்லத்துச் சிறுமி ஒருத்திக்கு அந்தத் தம்பதி சபை வழியாக ஷூ அனுப்பிவந்தார்கள். அளவுக்காக அவள் பாதம் வரைந்த தாளைக் கணவர் வருடந்தோறும் சபையிலிருந்து வாங்கிவருவார்.

“எப்பவும் ஒரே அளவு. சோறு போடுறாங்களா, ஜெபம் மட்டும்தானா?” என்பாள் மனைவி.

ஒரு வருடம் அவளே தாளை நீட்டினாள். “ஏங்க, நம்ம தங்கத்துக்குக் கால் ஒரு விரக்கடை வளர்ந்திருக்கு.”

“யார் கொடுத்தா?”

“தபால்ல வந்துச்சு. வெளிநாட்டு ஸ்டாம்பு பாருங்க.”

சிறுமி காய்ச்சலில் இறந்த செய்தி இரண்டாம் வருடமே கணவருக்கு வந்திருந்தது. பிள்ளையில்லாத மனைவி தாங்கமாட்டாள் என்று, பழைய தாளைப் பார்த்து அவரேதான் வரைந்துவந்தார். அந்த வருடத் தாளை அவர் இன்னும் வரையவில்லை.

பெரிய ஷூ வாங்கி அனுப்பினார்கள். மறுவருடமும் தாள் வந்தது. கால் இன்னும் வளர்ந்திருந்தது.