வாடகை ஹெல்மெட்

"எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"எட்டு வருஷமா, நிரந்தரமா."

"சம்பளத்தோட லீவு?"

"வருஷத்துக்குப் பன்னெண்டு நாள். ஏண்ணே, அதை இருபதா ஆக்கிடலாமா? பொய்தானே, அதுல என்ன கஞ்சத்தனம்?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். காக்காப்பொன் என்கிற மைக்காவை ஏடு ஏடாகப் பிரிக்கும் அந்தக் கொட்டகையில் நாற்பது பெண்கள் இருந்தும், பதில் சொல்ல, எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் இவளைத்தான் பிடித்து வைத்திருந்தார். மற்றவர்கள் இஸ்திரி போட்ட சட்டையைக் கண்டாலே ஊமையாகிவிடுவார்கள்.

கப்பலில் போகிற மைக்காவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்திருந்தது. கூலியாட்களை ஒழுங்காக நடத்தும் இடத்தில்தான் இனிமேல் சரக்கு எடுப்பார்களாம். அதைப் பார்த்து எழுத இன்று ஒருவர் வருகிறார். அவர் ஒரு வரி தாறுமாறாக எழுதினால் போதும், நாளைக்கே கொட்டகைக்குப் பூட்டு. நாற்பது வீட்டில் அடுப்பு எரியாது.

"ஹெல்மெட்டைத் தூக்கி விடு, கண்ணை மறைக்குது."

"ஒரு நாள் வாடகைக்கு எடுத்தீங்களே, தலையை அளந்து எடுத்திருக்கக் கூடாதாண்ணே?"

வந்தவர் ஆள் எடுப்பாகத்தான் இருந்தார். கையில் தடியாக ஒரு ஃபைல். மேஸ்திரியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நேராக வாயாடியிடம் வந்தார்.

"லீவு போட்டா சம்பளத்தைப் பிடிப்பாங்களா?"

"சேச்சே! வருஷத்துக்கு இருபது நாள் சம்பளத்தோட லீவு சார்."

"உடம்புக்கு முடியலேன்னா?"

"கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடும்."

அவர் எழுதவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறி அள்ளி விட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"சேர்ந்த அன்னிக்கே வேலைக்கான ஆர்டர் கொடுத்தாங்களா?"

"கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் கொடுத்தாங்க சார். பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் வீட்டில் பீரோவே கிடையாது.

"நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோன்னு பயம்?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்லை சார்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் ஹெல்மெட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக அந்தப் பயத்தோடுதான் தூங்கப் போகிறாள்.

அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். எல்லாக் கட்டத்திலும் 'சரி' போட்டு ஃபைலை மூடினார். வாயாடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிளம்புவார் என்று பார்த்தால், மனிதர் நகரவில்லை. மேஸ்திரி தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, இங்க எனக்கு ஒரு வேலை கிடைக்குமா? ஆறு வருஷமா இப்படிக் கம்பெனி கம்பெனியா பார்த்து எழுத என்னை நாள் கூலிக்குத்தான் அனுப்புறாங்க. லீவும் கிடையாது, ஆர்டரும் கிடையாது."