தாழ்ப்பாள் இல்லாத கதவு

சிறையில் இருப்பவர்களுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்பும் வேலையை நானும் என் நாத்தனாரும் எங்கள் வீட்டுப் பின்னறையில் செய்துவந்தோம். விடுதலையான ஒருவர் நன்றி சொல்ல வந்தார். வந்தவர் பார்சல் கட்டவும் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் கதவருகே போய் அசையாமல் நின்றார்.

“தள்ளுங்கண்ணே, தாழ்ப்பாளே கிடையாது. காத்தடிச்சாலே திறந்துக்கும்,” என்று சிரித்தாள் நாத்தனார்.

“வெளியிலேர்ந்துதாம்மா திறப்பாங்க.”

நான் போய்த் தள்ளினேன். நாத்தனாரும் தோள் கொடுத்தாள். கதவு அசையவில்லை. வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

“ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்று எண்ணியது ஒரு குரல்.

“யாரது?” என்று கத்தினேன்.

“சத்தம் போடாதீங்கம்மா,” என்றார் அவர். “வரிசையா நில்லுங்க. இல்லேன்னா மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணுவாங்க.”

நாங்கள் இருவரும் அவர் பக்கத்தில் போய், கைகளைத் தொங்கவிட்டு நின்றோம்.